குடுக்கதுக்கா, படிக்கதுக்கா

ஒரு புத்தகக் கடை இடம் மாறியதில் மனசை உறுத்த என்ன இருக்கிறது? கடை மூடிப்போகவில்லை, நொடித்துப்போகவும் இல்லை. தூத்துக்குடியின் பழைய பகுதியில், பனிமய மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள் வெகுகாலம் இருந்த சிறிய கிறிஸ்தவப் புத்தகக் கடை அது. சபைக்காரர்கள் சிலர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, லாபக் கணக்குப் பார்க்காமல் நடத்திவருவது. இப்போது ஊர் மேற்கே விரிந்துகொண்டு போகும் பாளையங்கோட்டை ரோட்டுப் பக்கம், புதுக் கட்டடம் ஒன்றின் மாடிக்குப் போய்விட்டது. ஜெபம் பண்ணி, ரிப்பன் வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் மக்ரூன் பொட்டலம் கொடுத்துத் திறந்தார்கள். வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. மழைத்தண்ணீர் ஏறாது. நல்ல வெளிச்சம். நானும் சந்தோஷமாகத்தான் மாடியேறினேன். இறங்கும்போது எதுவோ இடித்தது. பழைய இடத்தின்மேல் உள்ள ஏக்கம் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். அப்படியென்றால் இதை எழுதவே வேண்டியதில்லை. பழைய கடைகளுக்காகக் கண்ணீர் விடுவது தமிழில் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. ஆனால் நாளாக ஆக, இது ஏக்கம் இல்லை என்று தெரிந்தது. ஏக்கமாக இருந்தால் இதற்குள் ஆறியிருக்கும்.

பழைய கடையை நினைத்து ஏங்குவதற்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. கடற்கரை ஊரில் தாளுக்கு ஆயுசு குறைவு. கடலிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் வருகிற காற்று முதலில் புத்தகம் தைத்த கம்பியைத்தான் பிடிக்கும். நவநாள் ஜெபப் புத்தகம், கைப்பிரதி, லெந்துகாலத் தியானம் என்று நடுவில் கம்பி குத்திய எல்லாவற்றிலும் இரண்டு துருப்புள்ளி விழும். ஒரு மழைக்காலம் கழிந்தால் புள்ளி கறையாகும். அடுத்த மழைக்காலத்தில் நடுத்தாள் கழன்று கையோடு வந்துவிடும். ஆனி ஆடியில் கச்சான் வீசும்போது மண்ணும் கரியும் அட்டைமேல் படியும், துடைத்தால் அட்டையின் பளபளப்பும் சேர்ந்து போகும். இராமபாணப் பூச்சிக்காக அலமாரிக்கு அலமாரி அந்துருண்டை போட்டிருப்பார்கள். அந்த நெடி, மக்கிய தாளின் வாசம், பக்கத்து வீட்டுக் கருவாட்டுக் குழம்பு, எல்லாம் சேர்ந்ததுதான் கடையின் மணம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் பல நாள் தண்ணீர் வடியவில்லை. கடையின் கீழ்த்தட்டுகள் முழுக்க முங்கிவிட்டன. பைபிள் அச்சடிக்கும் மெல்லிய தாள் நனைந்தால் புத்தகம் பருத்து அட்டையைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. ஓரத்தில் பூசிய சிவப்பு உள்ளே இறங்கி ஆதியாகமம் வரைக்கும் போகிறது. அவற்றை விற்கவும் முடியாது, குப்பையில் போடவும் யாருக்கும் கை வரவில்லை. எரிக்கலாம் என்றார் ஒருவர். புதைக்கலாம் என்றார் இன்னொருவர். ‘எழுத்து அழியலைல்லா, கேக்கவங்களுக்குக் குடுத்துருவோம்’ என்று கடையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி சொன்னார். அப்படித்தான் செய்தார்கள். அலையலையாகக் காய்ந்த அந்தப் பிரதிகளில் சிலவற்றைப் பிற்பாடு சில வீடுகளில் பார்த்தேன். திறந்து திறந்து வைத்திருந்தார்கள். புதிதாகக் காசு கொடுத்து வாங்கிய பைபிளை அவ்வளவு தாராளமாக யாரும் புழங்கி நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே கெட்டுப்போன பொருள். இனி அழுக்காகிவிடுமோ என்ற பயம் இல்லை.

மாடிக்கு எதைக் கொண்டுபோவது என்று பிரிக்கிற வேலை நடந்த சமயத்தில்தான் உறுத்தல் தொடங்கியிருக்க வேண்டும். சில வருஷமாக விலைபோகாததை ஏற்ற வேண்டாம் என்று முடிவு. நியாயமான முடிவுதான். வாடகை கூடுதல், இடம் அளவானது. ஆகவே ஜிப் வைத்த பைபிள்களும் பெரிய எழுத்து பைபிள்களும் போயின. பாமாலையும் கீர்த்தனையும் சேர்த்துக் கட்டிய பாட்டுப் புத்தகம் போயிற்று. வாக்குத்தத்த வசனக் காலண்டர், வசனம் பொறித்த சுவர்க்கடிகாரம், ஜெபமாலை, ஒலிவ மரச் சிலுவை, சிறுவர்களுக்கான படக்கதைகள் போயின. பிரபல பிரசங்கிமார் எழுதிய மெல்லிசான புத்தகங்கள் போயின. தங்கிவிட்டவை அட்டைப்பெட்டிகளில் அடைபட்டு, சபைக்காரர் ஒருவருடைய வீட்டுக் கார் கொட்டகைக்குப் போயின. அந்தப் பெட்டிகளில் என்ன இருந்தது என்று எட்டிப்பார்த்தேன். ‘மோட்சப் பிரயாண’த்தின் மலிவுப் பதிப்பு. எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. தேம்பாவணிக்கு ஓர் உரை, அதுவும் ஒரு பாகம் மட்டும். பற்பல கோயில்களின் நூற்றாண்டு மலர்கள். இந்த மலர்களை வெளியாட்கள் யாரும் மதிப்பதில்லை. ஆனால் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, எந்தப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார்கள், எந்த உபதேசியாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் வேறெங்கும் கிடைக்காது. கிருஷ்ண பிள்ளை தூத்துக்குடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சாயர்புரத்தில் 1853இல் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய காவியம் அவர் வேலைபார்த்த சீமையிலேயே கார் கொட்டகைக்குப் போகிறது.

கடை நடத்துகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, சுவர்க்கடிகாரத்துக்கு உண்டு; இருந்தும் கடிகாரம்தான் கடையைக் காப்பாற்றுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சில வாரங்களிலும், உயிர்த்தெழுதல் பண்டிகையை ஒட்டியும், கல்யாண மாதங்களிலும் நடக்கிற வியாபாரத்தை வைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்ட வேண்டும். மற்ற நாட்களில் வாசிக்கிறவன் வருவான். அரை மணி நேரம் நின்று படித்துவிட்டு இருபது ரூபாய்க்கு ஒன்று வாங்குவான், அல்லது வாங்காமல் போவான். புதுக் கடையில் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு வயதான அம்மா மாடிப்படியில் மூச்சு வாங்கி ஏறி வந்தார். லிஃப்ட் இருப்பது தெரியவில்லை போல.

‘அண்ணாச்சி, பைபிள் ஒண்ணு வேணும். பெரிய எழுத்தா.’

‘இருக்கும்மா. குடுக்கதுக்கா, படிக்கதுக்கா?’

அம்மா கொஞ்சம் யோசித்தார். ‘பேத்திக்குக் குடுக்கதுக்கு. அவ படிக்கதுக்குத்தான்.’

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே ஜிப் வைத்ததையும் வைக்காததையும் இரண்டையும் மேஜைமேல் வைத்தார். அம்மா ஜிப் வைத்ததை எடுத்துக்கொண்டார். அண்ணாச்சி கேட்டதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து ஆள்முகம் பார்த்தே பழகியவர் கேட்கிற கேள்வி அது. கொடுக்கிற பைபிளுக்குப் பளபளப்பு வேண்டும், படிக்கிற பைபிளுக்குத் தையல் கெட்டியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய தொழில் ஞானம். எனக்கோ அந்தக் கேள்வி புதுக் கடை முழுவதையும் பிரித்துக் காட்டிவிட்டது. மாடியில் இருப்பவை அநேகமாகக் கொடுக்கிற புத்தகங்கள். கொட்டகையில் இருப்பவை படிக்கிற புத்தகங்கள். இவ்வளவுதான் விஷயம் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். வீடு வந்து சேர்வதற்குள் அது அப்படி அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயமில்லை என்றும் பட்டது. காரணம் இந்தக் கரையில் அச்சேறிய முதல் புத்தகங்களின் கதை.

முத்துக்குளித்துறை என்று போர்த்துகீசியர் காலத்திலிருந்து பேசப்படும் இந்தக் கடற்கரைக்காகத்தான் தமிழ் முதன்முதலில் அச்சு ஏறியது. அதிலும் தமிழ் எழுத்தில் அச்சேறும் முன்பே, 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழ் வாசகத்தோடு ஒரு ஜெபநூல் வந்துவிட்டது. அதைச் செய்து கொடுத்தவர்கள் வின்சென்ட் த நசரேத், ஜார்ஜ் கார்வால்யு, தோமா த குரூஸ் என்ற மூன்று தமிழர்கள். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, மறு வருஷம் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586இல் புனிதர் வரலாறுகளைச் சொல்லும் பெரிய நூலான ‘அடியார் வரலாறு’. இந்த மூன்றுக்கும் பின்னால் இருந்தவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் ஹென்றிக் ஹென்றிக்கஸ். போர்ச்சுகலில் பிறந்து, 1540களின் பின்பாதியில் இந்தக் கரைக்கு வந்து, திரும்பிப் போகாமல் 1600இல் புன்னைக்காயலில் இறந்தவர். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ‘அடியார் வரலாறு’ புன்னைக்காயலில்தான் அச்சானது என்று ஊர்க்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள். ஆராய்ச்சியாளர்களிடையே அதில் ஒருமித்த கருத்து இல்லை. எங்கே அச்சானாலும் அது போய்ச்சேர வேண்டியிருந்த இடம் இந்தக் கரை. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்களில் இந்தக் கரையின் பரதவர்களும் உண்டு. அதாவது முத்துக்குளித்த பணம். ஆனால் அந்தப் புத்தகங்களில் ஒரு பிரதிகூட இந்தக் கரையில் தப்பவில்லை. ‘தம்பிரான் வணக்கம்’ இருப்பது அமெரிக்காவில் ஹார்வர்டில். ‘கிரிசித்தியானி வணக்கம்’ பாரிஸில். ‘அடியார் வரலாறு’ வத்திக்கானிலும் கோபன்ஹேகனிலும். எழுதியவர் தூத்துக்குடி மண்ணுக்குள் கிடக்கிறார். எழுதியது கடல்தாண்டிக் கிடக்கிறது.

ஏன் இங்கே ஒன்றும் மிஞ்சவில்லை என்று கேட்டால் உப்புக்காற்று, கரையான், 1658இல் டச்சுக்காரர்கள் வந்து இந்த ஊரைப் பிடித்தது என்று காரணங்களை அடுக்கலாம். நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன். இங்கே இருந்தவை படிக்கப்பட்டிருக்க வேண்டும். குருவானவர் எப்போதோ வந்து போகிற கடற்கரைக் குடியிருப்புகளில், எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். மீன்கை பட்டிருக்கும், மண்ணெண்ணெய் வராத காலத்தில் எண்ணெய் விளக்கின் கரி பட்டிருக்கும். ஒரு புத்தகம் அப்படி எத்தனை வருஷம் தாங்கும்? தப்பித்தவையோ வேறு வகை. அச்சு வேலை நடந்ததற்குச் சாட்சியாக ஐரோப்பாவுக்கு அனுப்பியது, பெரிய இடத்தில் இருப்பவர் கையில் காணிக்கையாகக் கொடுத்தது. அங்கே தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. ஆகையால் யாரும் படிக்கவில்லை. ஆகையால் அவை இன்னும் இருக்கின்றன. கொடுத்த புத்தகம் பிழைத்தது, படித்த புத்தகம் அழிந்தது. இது என் ஊகம்தான், நிரூபிக்க முடியாது. ஆனால் இந்த ஊகம் மனசில் விழுந்த பிறகு அந்த அம்மா ஜிப் வைத்த பைபிளை எடுத்ததைப் பார்த்து உதடு பிதுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஜிப் வைத்த பைபிள் அலமாரியில் நாற்பது வருஷம் தூங்கலாம். அந்தப் பேத்தியின் பேத்தி ஒருநாள் அதைத் திறக்கலாம். அண்டிரிக் அடிகளாரின் புத்தகத்துக்கு அப்படி ஒரு பேத்தி வர ஏறத்தாழ முந்நூற்றெழுபது வருஷம் ஆயிற்று.

பேத்தி என்று சொன்னது தனிநாயகம் அடிகளை. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். யாழ்ப்பாணத்தின் கரம்பொன்னில் 1913இல் பிறந்து, ரோமில் படித்துக் குருப்பட்டம் பெற்று, தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். இந்த மறைமாவட்டம் 1923இல் உண்டானது; இந்த நாட்டிலேயே பிறந்த திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையை முதல் ஆயராகப் பெற்றது. தனிநாயகம் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது தமிழை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கி, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். உலகத் தமிழ் மாநாடுகளுக்காக அவரை நினைக்கிற நமக்கு, அவர் ஒரு துறைமுக ஊரில் பதிப்பகம் வைத்திருந்தார் என்பது அதிகம் நினைவில் இல்லை. கழகத்தின் பெயரில் வந்த புத்தகங்களைப் பாருங்கள். சங்கப் பாடல்களில் இயற்கை என்பதைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு 1950களின் தொடக்கத்தில் தூத்துக்குடியிலிருந்துதான் வந்தது. குறிஞ்சியையும் நெய்தலையும் பற்றிப் பேசும் அந்தப் புத்தகத்தில் பக்தி தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். வத்திக்கான் நூலகத்தில் ‘அடியார் வரலா’ற்றைக் கண்டெடுத்தவரும் அவரே. அதன்பின் சேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் பதிப்பித்து, 1963இல் ‘தம்பிரான் வணக்க’மும் ‘கிரிசித்தியானி வணக்க’மும், 1967இல் ‘அடியார் வரலா’றும் மறுபடி அச்சேறின. வெளியிட்டது தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம். கடல்தாண்டிப் போன புத்தகம் தன் கரைக்கே திரும்பி வந்த சம்பவம் இது. இதற்கு ஊரில் யாரும் கொடியேற்றியதாகத் தெரியவில்லை. புத்தகத்துக்கு ஏது தேர்.

என் உறுத்தல் இங்கே வந்துதான் நிலைகொள்கிறது. திரும்பி வந்த அந்தப் புத்தகத்தை இந்த ஊரின் கிறிஸ்தவப் புத்தகக் கடை எதிலும் நான் பார்த்ததில்லை. பழைய சந்துக் கடையிலும் இல்லை, புது மாடியிலும் இல்லை. கொட்டகைப் பெட்டிகளிலும் தேடினேன், அங்கேயும் இல்லை. பார்த்தாலும் அதை எந்த அலமாரியில் வைப்பார்கள் என்பது இன்னொரு சிக்கல். இந்தக் கரையில் கத்தோலிக்கருக்கு ஒரு கடை, சி.எஸ்.ஐ.காரர்களுக்கு ஒரு கடை, பெந்தெகொஸ்தேகாரர்களுக்கு இன்னொன்று என்று நம் பிரிவினைகள் புத்தக அலமாரி வரைக்கும் வந்துவிட்டன. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் அறிஞர்கள் கூடி உட்கார்ந்து செய்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. கத்தோலிக்கர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய வேதாகமத்தோடேயே இருந்துவிட்டார்கள். நான் சொல்லும் கடை சி.எஸ்.ஐ. பக்கம் சாய்ந்தது, ஆனாலும் ஜெபமாலை விற்கிறது, பனிமய மாதா திருவிழாவின் பதினொரு நாளும் கூட்டம் வருவதால். வியாபாரம் சேர்த்துவைக்கிற அளவுக்குக்கூட வாசிப்பு நம்மைச் சேர்த்துவைக்கவில்லை. சாயர்புரம் கிருஷ்ண பிள்ளையைக் கத்தோலிக்கக் கடையிலும், அண்டிரிக் அடிகளாரைச் சி.எஸ்.ஐ. கடையிலும் யாரும் கேட்பதில்லை. சொந்த ஊரில் இருவருமே பக்கத்து வீட்டுக்காரர்கள்.

எதைக் கடையில் வைப்பது என்ற கேள்வியை இன்னும் கொஞ்சம் நீட்டினால் அண்ணாச்சிக்கே தர்மசங்கடம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. மணப்பாட்டுப் பக்கத்துப் பரதவக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பிரியத்தையும் வீழ்ச்சியையும் அதைவிட ஈரமாகச் சொன்ன புத்தகம் எனக்குத் தெரியாது. எழுதியவர் கிறிஸ்தவர் இல்லை. உவரிக்காரரான ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தது, ‘கொற்கை’ 2009இல். ‘கொற்கை’ இந்தத் தூத்துக்குடியின் கதையேதான்; தோணிக்காரர்கள், முதலாளிகள், சாமிமார் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். 2013இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. சாமிமாரைப் பற்றி அதில் உள்ளவை எல்லாருக்கும் உவப்பானவை அல்ல. ஆ. சிவசுப்பிரமணியன் இதே ஊரில் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். அண்டிரிக் அடிகளாரைத் தமிழ் அச்சுத் தந்தை என்று போற்றி ஒரு நூல் எழுதினார். ‘கிறித்தவமும் சாதியும்’ என்று இன்னொரு நூலும் எழுதினார். முதல் நூலைக் கடையில் வைக்க யாருக்கும் தடையில்லை. இரண்டாவதை? ஞானஸ்நானம் பெற்ற பிறகும் ஒரே கோயிலுக்குள் தனித்தனியாக உட்கார்ந்த நம் வரலாற்றை ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடை விற்காவிட்டால் வேறு யார் விற்பது? இதை அண்ணாச்சியிடம் கேட்டேன். கோபப்படவில்லை. ‘நீங்க சொல்லுகது சரிதான் தம்பி. ஆனா ஐயர் வந்து பாத்தா என்ன சொல்லுவாரோ’ என்றார். ஐயர் என்றால் சபைக் குருவானவர். அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அவர் கடைக்கு வருவது டைரி வாங்க. ஆனால் பயம் என்பது வந்து பார்க்கிறவரைப் பொறுத்ததில்லை.

கட்டடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய இடத்தில் கடை சந்துக்குள் இருந்ததால் நடந்து போகிறவர்கள் நுழைந்தார்கள். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்கோ லட்சத்தீவுக்கோ போகிற தோணியில் சரக்கேறுவதற்குக் காத்திருப்பவர், பெரிய கோயிலில் பூசை முடிந்து வெயில் தாழட்டும் என்று ஒதுங்குகிறவர், டியூஷன் விட்டு வருகிற பிள்ளைகள். ஒரு ஸ்டூல் கிடக்கும். யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்து சாது சுந்தர் சிங்கைப் படித்துக்கொண்டிருப்பார், வாங்கமாட்டார், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். புது இடத்துக்கு வண்டியில்தான் போக வேண்டும். வண்டியெடுத்துக்கொண்டு போகிறவன் வாங்க வேண்டியதை முன்பே முடிவுசெய்துகொண்டு போகிறான். ஸ்டூலைக் காணோம். அதற்கு இடமில்லை என்றார்கள், உண்மையாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் பார்த்தால் கட்டடம் என்பதே இதில் பிந்தி வந்த சங்கதி. இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவப் புத்தகம் பெரும்பாலும் கட்டடத்துக்குள் இருந்து விற்றதே கிடையாது. தோளில் பையோடு ஊர்ஊராகச் சென்று சுவிசேஷப் புத்தகம் விற்றவர்கள் கொண்டுவந்தது. நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கம் சபையாருக்கு விருந்து போடும் அசனப் பண்டிகையில் பந்தலோரம் சாக்கு விரித்துப் பரப்பி விற்றது. நற்செய்திக் கூட்டங்களில் மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு விற்றது. புத்தகம் ஆளைத் தேடிப் போன காலம் அது. இப்போது ஆள் புத்தகத்தைத் தேடி மாடியேற வேண்டும். ஏறுவார்களா என்பது தெரியாது. கைபேசியில் பைபிள் முழுவதும் இருக்கும்போது ஏன் ஏற வேண்டும் என்று கேட்கிற பையன்களுக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அவர்கள் அதில் படிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்திலிருப்பவன் வசனத்தை என்னைவிடச் சீக்கிரம் எடுத்துவிடுகிறான்.

இவ்வளவு யோசித்தும் கடைக்காரர்கள் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர்கள் பழைய இடத்திலேயே இருந்திருந்தால் அடுத்த வெள்ளத்தில் எல்லாமே போயிருக்கும். மேல்தட்டு, கீழ்த்தட்டு என்ற பேதமின்றி. கடிகாரமும் காலண்டரும் விற்கிற காசில்தான் விளக்கு எரிகிறது. கொடுக்கிற புத்தகத்தை நான் இப்போது இளக்காரமாகப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். ஆனால் கொடுக்கிற புத்தகம் மட்டுமே இருக்கிற கடை பரிசுப்பொருள் கடை. அதற்குப் புத்தகக் கடை என்று பலகை எழுத வேண்டியதில்லை. வத்திக்கானில் பிழைத்த பிரதிக்கு மதிப்பு வந்தது, அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒருநாள் போய் நின்றதால். அப்படி ஒருவரை உண்டாக்கியது வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடமும், படிக்கிற புத்தகங்களும். தனிநாயகம் அடிகள் ஒரு கடிகாரத்தைப் பார்த்துத் தமிழ் படிக்கவில்லை. விற்காது என்று தெரிந்தே சில புத்தகங்களைத் தட்டில் வைத்திருப்பதும் கடை நடத்துவதில் சேர்ந்ததுதான். வாடகையைப் போல, கரண்டு பில்லைப் போல, அதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். ஓர் அலமாரி போதும். அதில் கிருஷ்ண பிள்ளையும் வண்ணநிலவனும், கோயில் மலர்களும் ‘கிறித்தவமும் சாதியு’ம் அடுத்தடுத்து இருக்கட்டும். யார் வந்து என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம். ஸ்டூலும் ஒன்று வேண்டும், பழையதே போதும்.

கொட்டகையில் இருக்கும் பெட்டிகளை அடுத்த மழைக்கு முன் மாடிக்கு ஏற்ற அண்ணாச்சி சம்மதித்திருக்கிறார்; தூக்குவதற்குத்தான் ஆள் வேண்டும் என்கிறார். தூத்துக்குடிப் பக்கத்தில் யார் வீட்டுப் பரணிலாவது தமிழ் இலக்கியக் கழகத்தின் 1967ஆம் வருஷத்து ‘அடியார் வரலாறு’ இருந்தால் கடைக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். விற்கவோ இனாமாகத் தரவோ வேண்டாம். ஒரு வாரம் கடையில் வைத்திருந்து, வருகிறவர்கள் புரட்டிப் பார்த்த பிறகு வாங்கிக்கொண்டு போங்கள்.